சுடுமண் நகைகளின் இணைய விற்பனை

சுடுமண் நகை (டெரகோட்டா நகை) என்பது களிமண்ணால் வடித்து, உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டிச் செய்யப்படும் அணிகலன் ஆகும். ஜிமிக்கி, தோடு, பதக்கம், மணிமாலை ஆகியவை இவ்வகையில் பரவலாகச் செய்யப்படுகின்றன. மூலப்பொருள் விலை குறைவு என்பதாலும் வீட்டிலேயே செய்ய முடியும் என்பதாலும், தமிழ்நாட்டில் பெண்கள் பலர் இதனைச் சிறு முதலீட்டில் செய்து இணையம் வழியாக விற்கின்றனர்.

செய்முறை

களிமண்ணைச் சலித்துக் கல், வேர் நீக்கிப் பிசைகின்றனர். வடித்த உருக்களை நிழலில் சில நாட்கள் உலர்த்துகின்றனர். வெயிலில் வேகமாக உலர்த்தினாலோ ஈரம் உள்ளபோதே சுட்டாலோ அவை வெடித்துவிடும். காற்றோட்டத்துடன் சுடும்போது மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனுடன் சேர்வதால் செந்நிறம் கிடைக்கிறது. காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கருநிறம் கிடைக்கிறது. பின்னர் அக்ரிலிக் வண்ணம் பூசிக் கொக்கி, வளையம், கயிறு ஆகியவற்றைக் கோக்கின்றனர்.

மண் பாதுகாப்பானதாக இருந்தாலும், காதில் நுழையும் கொக்கியில் கவனம் தேவை. மலிவான உலோகக் கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் படும் நகைகளிலிருந்து வெளியாகும் நிக்கலின் அளவுக்கு வரம்பு விதித்துள்ளது. எனவே கொக்கியின் உலோகம் எது என்பதை விற்பனைக் குறிப்பில் எழுதுவது நல்லது.

விலை நிர்ணயம்

இத்தொழிலில் நேரும் நட்டத்துக்கு முதன்மையான காரணம், செய்பவர் தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே. எடுத்துக்காட்டாக, ஒரு ஜோடி ஜிமிக்கிக்குப் பொருட்செலவு 45 ரூபாய், இரண்டு மணி நேர உழைப்பு மணிக்கு 60 ரூபாய் வீதம் 120 ரூபாய், பெட்டி மற்றும் உறை 20 ரூபாய், இணையக் கட்டணம் போன்ற பிற செலவுகள் 10 ரூபாய் எனக் கொண்டால் அடக்கவிலை 195 ரூபாய் ஆகிறது. சூளையில் உடைபவற்றுக்காக 20 ரூபாயும், இலாபமாக 35 ரூபாயும் சேர்த்தால் விலை 250 ரூபாய். பொருட்செலவை மட்டும் பார்த்து 100 ரூபாய்க்கு விற்பவர், இரண்டு மணி நேர உழைப்புக்கு 25 ரூபாய் மட்டுமே பெறுகிறார்.

விற்பனைத் தளம் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டால், 250 ரூபாய் கையில் கிடைக்க 275 ரூபாய் போதாது. ஏறத்தாழ 278 ரூபாய் வைக்க வேண்டும். கழிவு விற்பனை விலையிலிருந்து கணக்கிடப்படுவதே இதற்குக் காரணம்.

விற்பனைத் தளங்கள்

தொடக்க நிலையில் வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டாகிராம் ஆகியன செலவின்றிப் பயன்படுகின்றன. பணத்தை யுபிஐ வழியாகப் பெறலாம். கைவினைப் பொருட்களுக்கென 2005இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எட்சி தளம், வெளிநாட்டு வாங்குநர்களைச் சென்றடைய உதவுகிறது. ஆனால் அங்குப் பட்டியலிடும் கட்டணமும் விற்பனைக் கழிவும் உண்டு. அமேசான் காரிகர், பிளிப்கார்ட் சமர்த் ஆகியவை இந்தியக் கைவினைஞர்களுக்கான திட்டங்கள்.

படம் எடுக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சன்னல் அருகே காலை வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கைபேசியில் எடுத்தால் போதும். காதில் அணிந்த படம் ஒன்றும், அளவும் எடையும் குறிப்பிடுவதும் அவசியம். அளவு தெரியாமல் வாங்குவோர் பொருளைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

அனுப்புதல்

சுடுமண் எளிதில் உடையும். ஒவ்வொரு நகையையும் பஞ்சு அல்லது குமிழ்த்தாளில் தனித்தனியே சுற்றி, கெட்டியான அட்டைப்பெட்டியில் அசையாதபடி வைக்க வேண்டும். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில், வாங்குநர் பெட்டியை ஏற்க மறுத்தால் இருவழிக் கட்டணமும் விற்பவர் தலையில் விழக்கூடும். ஆகவே சிறு முதலீட்டாளர்கள் முன்பணம் பெற்றே அனுப்புகின்றனர்.

சட்ட நடைமுறை

2020 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு கட்டணமற்றது. ஆதார் எண் கொண்டு இணையத்திலேயே செய்யலாம். தமிழ்நாட்டில் பொருட்களை மட்டும் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பொதுவாகத் தேவையில்லை. வெளிமாநில விற்பனைக்கும் மின்வணிகத் தள விற்பனைக்கும் தனி விதிகள் உள்ளதால், அவற்றில் இறங்கும் முன் வரி ஆலோசகரிடம் கேட்டறிவது பாதுகாப்பானது.