சிரல் என்னும் புட்பெயர்

சங்கப் பாடல்களிற் பயிலும் சிரல் என்னும் புட்பெயர் இன்று பெரிதும் வழக்கொழிந்தது. சிச்சிலி என்பதும் அதன் பழம்பெயரே. மீன்கொத்தி என்பதே இன்றைய பெருவழக்கு. ஆதலின் உரைகாண்போர் ‘சிரல், மீன்கொத்தி’ என்றெழுதி அமைவர். அவ்வளவில் அமைதல் போதுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துச் செங்குட்டுவனைப் பரணர் பாடியது. அதன்கண் 42ஆம் பாட்டு, போர்ப்புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்குச் சிரலை உவமை கூறுகின்றது. மீன் நாடிக் குளிர்ந்த கயத்துள் மூழ்கி மீளும் சிரல்போல ஊசி தசையுட் புகுந்து வெளிப்படும் என்பது கருத்து. தொல்காப்பியர் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இது வினையுவமம். மீன்கொத்தி என்னும் பெயரோ கொத்துதலையே உணர்த்தும். அப்பெயர் வழியே பொருள் கொள்வார்க்கு ஊசி குத்துதல் மட்டுமே புலனாகும். மூழ்கி மீளுதலாகிய உயிர்நிலை மறைந்துபோம்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் சிரலோ பொன்போலும் அலகும் நீலமணி போலும் நிறமும் உடையது, கயல் கவர்வது, தாமரை இலையில் தன் உகிரால் வடுச்செய்வது. ஈண்டு உருவே சிறந்து நிற்கின்றது.

இவ்விரண்டும் ஒரே வகைப் புள்ளாகுமா? சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தை அடுத்த அடையாற்றுக் கழிமுகத்தில் மூவகை மீன்கொத்திகளைக் காணலாம். ஆங்கு 2011இல் திறக்கப்பெற்ற பூங்காவும் தொல்காப்பியர் பெயரே பூண்டுள்ளது. சிறுநீல மீன்கொத்தி கிளையிலிருந்து நேரே நீருட் பாயும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி வானில் ஓரிடத்தே சிறகடித்து நின்று பின் வீழும். இவ்விரண்டும் பரணர் உவமைக்கு இயைவன. ஆயின் இரண்டன் அலகும் பெரும்பாலும் கருநிறத்தன. நத்தத்தனாரின் பொன்னலகிற்குப் பொருந்தா. வெண்மார்பு மீன்கொத்தியின் அலகு பெரிது, செந்நிறத்தது. முதுகும் சிறகும் நீலம். அது சிறுபாண் வருணனைக்கு அணித்தாயினும், பூச்சி, ஓந்தி முதலியவற்றையே மிகுதியும் உண்பது. நீருள் மூழ்குதல் அரிது.

எனவே, சிரல் ஒரு வகைக்கே உரிய சிறப்புப்பெயரன்று. இவ்வினத்திற்கெல்லாம் உரிய பொதுப்பெயர் எனக் கொள்ளுதலே பொருந்தும். ஓரிடத்து வினையும் ஓரிடத்து உருவும் நோக்கி இன்ன வகை எனத் தெளிதல் உரைகாண்போர் கடன். ‘நீருள் மூழ்கி மீன் கவர்ந்து மீளும் புள்’ எனப் பதிற்றுப்பத்திற்கு உரை வரையின், பரணர் உவமை பழுதுபடாது நிற்கும் என்க.