முதலில் கழற்ற வேண்டியது கறுப்பு

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி, செல்ஃப் எடுக்கவில்லை. ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது. பலர் நேராகப் புது பேட்டரி வாங்கப் போய்விடுகிறார்கள். போவதற்கு முன் பானெட்டைத் திறந்து கேபிளைப் பாருங்கள்.

இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பதோ 150 ஆம்பியர் அளவுக்கு. டெர்மினலில் உப்பு பூத்து, அங்கே 0.01 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்குப் போகும் வழியில் 0.1 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. மோட்டாருக்குப் போகும் வழியில் 1.5 வோல்ட் தொலைந்துவிடும். சோர்ந்த மோட்டாரால் இன்ஜினைச் சுழற்ற முடியாது.

அந்த உப்பு, அமில ஆவி உலோகத்தை அரித்ததன் மிச்சம். நீலப்பச்சையாக இருந்தால் செம்பு கரைகிறது என்று பொருள். மேலோட்டமாக இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்துவிடலாம் (பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது). உறைக்குள் ஏறி, கேபிள் உப்பி விறைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு ஸ்பேனர் இரண்டு முனைகளையும் இணைத்தால் அதன் வழியே ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். விரலில் உள்ள மோதிரம் இடையில் சிக்கினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனையும் வெளிவிடுகிறது; காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க. மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

எதை முதலில் கழற்றுவது? கறுப்பு நிற நெகட்டிவ் கேபிள் காரின் பாடியோடு இணைந்திருக்கிறது. அதனால் கார் முழுவதுமே நெகட்டிவ் முனைதான். பாசிட்டிவ் நட்டை முதலில் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் எங்கே பட்டாலும் ஷார்ட். கறுப்பை முதலில் எடுத்துவிட்டால் மின்சாரம் திரும்பும் பாதை அறுந்துவிடும்; பிறகு ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அவற்றில் இந்த வரிசை தலைகீழ்.

புதுக் கேபிள் பழையதன் தடிமனுக்குக் குறையக் கூடாது. கேபிள் முனையில் உள்ள லக் சுத்தியலால் நசுக்கப்படாமல் கருவியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பலரும் மறப்பது மறுமுனையை: எர்த் கேபிள் பாடியில் சேரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் உலோகம் மின்னும்வரை தேய்க்காவிட்டால் பழைய தடை அங்கேயே இருக்கும். பாசிட்டிவின் மறுமுனை காருக்கு அடியில் இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழையாதீர்கள். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் முனையில் சென்சார் பொருத்திய கார்களுக்கும் அதேதான். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே வேண்டாம்.

மாட்டும்போது சிவப்பு (பாசிட்டிவ்) முதலில், கறுப்பு கடைசியில். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். கறுப்பு முனை தொடும் கணத்தில் சின்னப் பொறி ஒன்று தெறிக்கலாம். காரின் கடிகாரமும் கணினியும் மின்சாரம் வாங்கத் தொடங்குகின்றன.