மதிப்பெண் போதுமா? அளந்தறியும் முறை

கொற்கைக் கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், பாரில் சிப்பி இருக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே தோணிகளை இறக்கிவிடும் வழக்கம் இல்லை. முதலில் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றிற் கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமானம் என்று கணக்கிடுவார்கள். அது செலவுக்குக் கட்டுமானாலே சலாபம் அறிவிக்கப்படும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்தவையே கடைசிப் பெருஞ் சலாபங்கள். அவை நின்றுபோயினும், இறங்குமுன் அளந்து பார்க்கவேண்டும் என்ற அந்த அறிவு நமக்கு இன்றும் வேண்டியதாயிருக்கிறது.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் முடிவு வந்ததும், நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது. “பிள்ளை வாங்கிய மதிப்பெண் போதுமா?” அண்டை வீட்டாரைக் கேட்டால் ஒரு விடை; பயிற்சி நிலையத்தைக் கேட்டால் வேறொரு விடை. தவறான விடையை நம்பினால் இழப்பு இருவகையில் வரும். கிடைக்கக்கூடிய இடத்தைக் கைவிடுவது ஒன்று. கிடைக்க இயலாத இடத்துக்காகத் தறியையும் நிலத்தையும் நம்பி வாங்கிய கடனையும் ஓராண்டையும் செலவழிப்பது மற்றொன்று. ஆதலின் இதனை அளந்தறியும் முறையை இங்கு விளக்குவோம். இத்தேர்வு இருக்கவேண்டுமா என்பது வேறு விவாதம். இருக்கும்வரை அதன் கணக்கை அறிந்திருத்தல் நன்று.

மதிப்பெண் பிறக்கும் விதம்

நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள் இருந்தன. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். விடுத்த வினாவுக்குக் கூடுதலும் இல்லை, கழிவும் இல்லை. ஒரு மாணவி 120 வினாக்களுக்குச் சரியாகவும் 40 வினாக்களுக்குத் தவறாகவும் விடையளித்து, 20 வினாக்களை விடுத்தாள் என்று கொள்வோம். அவள் பெறுவது 480, கழிவது 40, மிஞ்சுவது 440. இந்த எண் மட்டும் தனியே நின்று எதையும் சொல்லிவிடாது.

தகுதி வேறு, இடம் வேறு

தேர்வில் ‘தகுதி பெற்றார்’ என்ற சொல்லைக் கண்டு இடம் கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்பவர் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது நூற்றுமானமும், இட ஒதுக்கீடு பெறும் பிரிவினருக்கு 40-ஆவது நூற்றுமானமும் தகுதிக் கோடாகும். அதாவது, தேர்வெழுதியோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மேல் நின்றாலே பொதுப் பிரிவில் தகுதி கிட்டிவிடும். 2025-இல் தேர்வெழுதிய சுமார் 22 இலட்சம் பேரில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். நாடு முழுவதிலும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம். அவற்றிலும் ஏறத்தாழப் பாதி, மிகுந்த கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரிகளில் உள்ளது. ஆகவே தகுதி என்பது வாசலுக்குள் விடும் சீட்டு. உட்காரும் நாற்காலி அன்று.

ஆண்டுதோறும் மாறும் சல்லடை

முத்துக்களைப் பருமன் வாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதற் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1,000 துளைகள். அச்சல்லடைகள் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. தேர்வின் சல்லடையோ ஆண்டுதோறும் புதிதாய்ச் செய்யப்படுகிறது. வினாத்தாள் எளிதானால் துளை பெரிதாகிறது, கடினமானால் சிறிதாகிறது.

இதற்குச் சான்று தூரத்தில் இல்லை. 2024-ஆம் ஆண்டில் முழு மதிப்பெண்ணாகிய 720-ஐயே பலர் பெற்றனர். 600-க்கு மேல் பெற்றோர் எண்பதினாயிரத்துக்கும் அதிகம். 2025-ஆம் ஆண்டில் வினாத்தாள் கடினமாக இருந்தது. நாட்டின் முதல் மாணவர் பெற்றதே 686. 600-க்கு மேல் பெற்றோர் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவு. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162-லிருந்து 144-ஆக இறங்கியது. முந்தின ஆண்டில் 610 பெற்றவர் பல்லாயிரவருக்குப் பின்னால் நின்றார். அடுத்த ஆண்டில் அதே 610 பெற்றவர் முதல் ஆயிரத்து ஐந்நூறு பேருக்குள் நின்றார். எனவே, “போன வருஷம் பக்கத்துத் தெருப் பையனுக்கு இத்தனை மதிப்பெண்ணில் இடம் கிடைத்தது” என்ற பேச்சை அளவுகோலாகக் கொள்ளலாகாது. மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது பிழை. வரிசை எண்ணை வரிசை எண்ணோடு ஒப்பிடுவதே முறை.

எந்த வரிசையில் நிற்கிறோம்?

வரிசை எண்ணிலும் பலவகை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. எஞ்சிய 85 சதவீதத்தை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. மாநில இடங்களுக்கு அகில இந்திய எண்ணைவிட மாநிலத் தரவரிசையும், அதனுள் தம் வகுப்பினருக்குரிய தரவரிசையுமே முக்கியம். தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளபடியால், ஒவ்வொரு பிரிவுக்கும் கடைசி இடம் வெவ்வேறு எண்ணில் முடியும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு முதல் நம்மூரில் நடந்துவரினும், அதன் மாநில இடங்கள் மாநிலம் முழுவதற்கும் பொது என்பதையும் நினைவிற் கொள்க.

இன்னொன்று அங்கத்தினர் பலர் அறியாதது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியே உண்டு. இதற்குத் தனி வரிசை இருப்பதால், பொது வரிசையில் எட்டாத மதிப்பெண்ணும் இதில் எட்டலாம். 2021-இல் இவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, மீன்வளம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தோருக்கு இச்சலுகை இல்லை. நம் கடற்கரை ஊர்களில் அத்தகைய பள்ளிகள் மிகுதியாகையால், சான்றிதழைப் பார்த்துத் தெளிந்த பின்பே கணக்கிடுக.

கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கும். முதற் சுற்றில் முடிந்த எண்ணுக்கும் கடைசிச் சுற்றில் முடிந்த எண்ணுக்கும் வேற்றுமை உண்டு. எனவே கல்லூரி, பிரிவு, சுற்று ஆகிய மூன்றும் ஒத்திருக்கும்படி, முந்தின இரண்டு மூன்று ஆண்டுகளின் கடைசித் தரவரிசையை எடுத்துப் பார்க்கவேண்டும். நம் பிள்ளையின் எண் ஒவ்வோராண்டும் உள்ளே நின்றால் போதும் என்க. ஓராண்டு உள்ளே, ஓராண்டு வெளியே என்றால் ஐயம். மாற்று வழியையும் கைவசம் வைத்திருக்க. எல்லா ஆண்டும் வெளியே என்றால் போதாது என்று துணிக.

நுழைவுத் தேர்வு இல்லாத வாயில்கள்

பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் 1984-இல் தொடங்கிய நுழைவுத் தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. இப்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 ஆக 200-க்குக் கணக்கு. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 80 பெற்றவருக்கு 92, 42, 40 சேர்ந்து 174 ஆகும். தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. 1977 முதல் நடைபெறும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை இடப்படுகிறது. நீட் முடிவுக்காகக் காத்திருந்து இவற்றுக்கு விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிடுவோர் இரு கரையும் இழந்தவராவர்.

மறுபடி எழுதுவதா?

இதற்கும் கணக்குண்டு. முன் சொன்ன 440 பெற்ற மாணவியையே எடுத்துக்கொள்வோம். தவறிய 40 வினாக்களையும் விடுத்திருந்தால் அவளுக்கு 480 வந்திருக்கும். ஆகவே குறைவு 40 மதிப்பெண் அளவானால், பெரும்பாலும் அது நிதானத்தின் குறை. ஓராண்டு உழைப்பால் கடக்கக் கூடியது. குறைவு 150 ஆனால், தவறிய வினாக்களில் 30-ஐயாவது சரியாக்கவேண்டும். அது பாட அறிவின் குறை. அதை நிரப்ப ஆசிரியரும் காலமும் பணமும் வேண்டும். அடுத்த ஆண்டின் சல்லடை எப்படியிருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறியாமல் முடிவு செய்வதோ எவ்விதத்திலும் தகாது.

தனியார் கல்லூரியானால், அரசு ஒதுக்கீட்டு இடத்தின் கட்டணம் வேறு, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தின் கட்டணம் வேறு. முதலாண்டுத் தொகையை மட்டும் கேட்டு நகையை அடகு வையாதீர்கள். படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தத் தொகையை எழுத்தில் பெற்று, குடும்ப வரவோடு வைத்துப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.

சல்லடையில் நின்றது பருமன் மட்டுமே. முத்தின் உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்த பிறகே அதை ஆணிமுத்து என்றார்கள் நம் முன்னோர். தேர்வு அளப்பதும் ஒரு பக்கத்தையே. மதிப்பெண் போதவில்லை என்று கணக்குச் சொன்னால், அந்த இடத்துக்குப் போதவில்லை என்பதே அதன் பொருள். பிள்ளை போதாதவன் என்பதன்று. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் தம் வாயால் பிள்ளைக்குச் சொல்லிவிடுதல், முடிவு வந்த அன்றே செய்யவேண்டிய முதற் காரியமாகும்.