உங்களுக்குத் தெரியுமா? எழுத எளிதான ஐரிஷ் ஆண் பெயர்கள்

● ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இருப்பவை ஆட்பெயர்கள்தாம். கி.பி. 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை 'ஓகம்' எழுத்தில் கல்லில் வெட்டினார்கள். நட்ட கல்லின் விளிம்புதான் நடுக்கோடு. அதன் இருபுறமும் சிறு சிறு வெட்டுக்கோடுகள். அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். பெரும்பாலான கற்களில் இருப்பது, இன்னாருடைய மகன் இன்னார் என்ற செய்தி மட்டுமே. இத்தகைய கற்கள் அதிகம் கிடைப்பது அயர்லாந்தின் தென்மேற்கில், கெரி மாவட்டத்தில்.

● மரபான ஐரிஷ் அகரவரிசையில் 18 எழுத்துகளே உண்டு. ஜே, கே, க்யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகியவை கிடையாது. கே இல்லாததால் 'க' ஒலிக்கு எப்போதும் சி தான். 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 2024-ல் ஆஸ்கர் வாங்கிய கார்க் நகரத்து நடிகர் கிலியன் மர்ஃபியின் பெயர் சி-யில்தான் தொடங்குகிறது. 'சிலியன்' என்று படித்தால் தவறு. கீரன், கியன் எல்லாம் இதே கதைதான்.

● வி இல்லாமல் 'வ' ஒலியை எப்படி எழுதுவார்கள்? பி அல்லது எம் எழுத்துக்குப் பின்னால் எச் சேர்ப்பார்கள். நாம் ப-வுக்கு முன்னால் ஆய்தம் போட்டு 'ஃப' ஆக்குகிறோமே, அதே வேலையைத்தான் இந்த எச் செய்கிறது. முன்பு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ரோமன் அச்செழுத்து பரவியபோது புள்ளி போய் எச் வந்தது. சொற்கள் நீளமானதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரிஷ் எழுத்துமுறை குழப்பமானது என்ற பேச்சு நியாயமே இல்லை. விதிகள் உண்டு, அவை ஆங்கில விதிகள் அல்ல, அவ்வளவுதான்.

● உயிரெழுத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு போட்டால் குறில் நெடிலாகும். அந்தக் கோட்டின் பெயர் 'ஃபாடா'. விண்ணப்பப் படிவத்தில் அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 'ஷான்' என்ற பெயரில் கோட்டை எடுத்துவிட்டால் 'பழைய' என்று பொருள்படும் சொல் மிஞ்சும். 'குட்டி அரசன்' எனப் பொருள்படும் 'ரீயன்', கோடு இல்லாவிட்டால் 'தடம்' ஆகிவிடும். அயர்லாந்தில் இன்று பெற்றோர் விரும்பி வைக்கும் பெயர்களில் ரீயனும் ஒன்று. ஆங்கில எழுத்தில் நான்கே எழுத்துதான். ஆனால் கோட்டை விடாமல் போடுங்கள்.

● எழுத எளிது என்றால் எழுத்துகள் குறைவு என்று அர்த்தம் இல்லை. ஒரே விதமாக எழுதப்படும் பெயர்தான் உண்மையில் எளிய பெயர். ஷான் என்றால் உலகம் முழுக்கத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கே மூன்று வடிவங்கள் உண்டு. கானர் என்ற பெயரை அயர்லாந்தில் பெரும்பாலும் ஒரு என் போட்டு எழுதுவார்கள். வெளிநாடுகளில் இரண்டு போடுவார்கள். இப்படிப் பெயர் வாய்த்த பிள்ளை, "எந்த ஷான்? எத்தனை என்?" என்ற கேள்விக்குக் காலமெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். டி, ஏ, டி, எச், ஜி என்று எழுதி 'டைக்' என்று படிக்கும் பெயர் பார்க்கப் பயமுறுத்தினாலும், ஒருமுறை கற்றுக்கொண்டால் சந்தேகமே வராது.

● அந்த டைக்குக்கு ஒரு சோகமும் உண்டு. ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதிலாக 'திமோதி' என்று எழுதிவிடுவார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை! டெர்மட் 'ஜெரமையா' ஆனார், கானர் 'கொர்னீலியஸ்' ஆனார். அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864-ல் தொடங்கியபோது பதிவேடுகளின் மொழி ஆங்கிலமாக இருந்தது. வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர். 1893-ல் தொடங்கிய கேலிக் லீக் என்ற அமைப்பு ஐரிஷ் மொழியை மீட்கப் புறப்பட்டது. அதோடு பழைய பெயர்களுக்கும் உயிர் வந்தது. இன்று டைக் தன் பழைய எழுத்துகளோடே பள்ளிக்குப் போகிறான் என்பது மனம் குளிரும் செய்தி.

● லீயம்: 'வில்லியம்' என்பதன் ஐரிஷ் வடிவமான 'இல்லியம்' சுருங்கி வந்தது. நார்மானியர் கொண்டுவந்த பெயர் அது. நான்கே எழுத்து, கோடு கிடையாது. 2017 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் இதற்குத்தான்.

● ஆஸ்கர் என்பது ஐரிஷ் புராணப் பெயர்! வீரன் ஃபின் மக்கூலின் மகன் ஓஷீன். ஓஷீனின் மகன் ஆஸ்கர். 1760-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்ஃபர்சன், இந்தக் கதைகளைத் தழுவித் தாமே பெரும்பகுதியை எழுதி, பழங்கவிஞன் 'ஓஷியன்' பாடியவை என்று வெளியிட்டார். ஐரோப்பாவே மயங்கியது. நெப்போலியன் அதன் பெரிய ரசிகர். அவருடைய தளபதி பெர்னடாட்டுக்கு 1799-ல் பிறந்த மகனுக்கு ஞானத்தந்தையானார். குழந்தைக்கு ஆஸ்கர் என்ற பெயர் வந்தது. பெர்னடாட் பின்னர் சுவீடனின் அரசரானார். மகன் 1844-ல் முதலாம் ஆஸ்கராக முடிசூடினார். பத்து ஆண்டுகள் கழித்து டப்ளினில் பிறந்த ஆஸ்கர் வைல்டுக்கும் அந்தப் புராண வீரனின் பெயர்தான். எழுதிப் பாருங்கள், தவறவே வழியில்லை.

● தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் நன்கு பழகிய 'கெவின்' அயர்லாந்தின் சொத்து. கிளென்டலாக் பள்ளத்தாக்கில் மடம் நிறுவிய புனிதரின் பெயர் அது. பிரையனும் அப்படியே, 1014-ல் குளோன்டார்ஃப் போரில் இறந்த மன்னர் பிரையன் பொரு அந்தப் பெயரை நிலைநிறுத்தினார்.

● கீரன் என்றால் கருப்பன். ஃபின் என்றால் வெள்ளையன்!

● பேட்ரிக் அயர்லாந்தின் காவல் புனிதர். ஆனால் அவர் பிறந்தது பிரிட்டனில், பெயர் லத்தீன். மரியாதை காரணமாக அந்தப் பெயரை ஐரிஷ்காரர்கள் பல நூற்றாண்டுகள் பிள்ளைகளுக்கு நேரடியாக வைக்கவில்லை. 'பேட்ரிக்கின் தொண்டன்' என்றே வைத்தார்கள். ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற குடும்பப்பெயர் அதிலிருந்து வந்தது.

● என்னைக் கேட்டால் 'கார்மக்' என்பேன். கோடு இல்லை, ஒளிந்திருக்கும் எச் இல்லை, பரவலாக ஒரே எழுத்து வடிவம். காஷல் பாறைமேல் 1134-ல் திருநிலைப்படுத்தப்பட்ட அழகிய கல் தேவாலயத்தைக் கட்டியவர் மன்ஸ்டர் அரசர் கார்மக் மெக்கார்த்தி. 'தி ரோட்' நாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சார்லஸ். வளர்ந்த பிறகு அவர் தேர்ந்துகொண்ட பெயர், கார்மக் மெக்கார்த்தி.