மலையகக் குழந்தையின் உயரம்: சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாதந்தோறும் குழந்தைகளை நிறுக்கும் நாள் ஒன்று உண்டு. பிள்ளைக் காம்பறாவிலே தொங்கும் தராசில் குழந்தையை இருத்தி, அதன் நிறையைப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டில் ஒரு புள்ளியாகக் குடும்பநல உத்தியோகத்தர் குறிக்கிறார். கொழுந்துக் கூடையை வாசலிலே இறக்கி வைத்துவிட்டு வந்த தாய், சென்ற மாதத்தைவிட நிறை ஏறியிருக்கிறதா என்று கேட்டறிந்துகொண்டு மலைக்குத் திரும்பிவிடுகிறாள். நிறையைப் பற்றிய அக்கறை இவ்வாறு தோட்டத்து வழக்கத்திலே ஊறிவிட்டது. உயரத்தைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. எனினும், நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தோட்டத்துச் சிறுவர்க்கும் நாட்டின் ஏனைய சிறுவர்க்கும் இடையே இன்றும் நிலைத்து நிற்கும் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது உயரமே. அஃது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சில எண்களை நோக்குவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2006-07இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். நாடு முழுவதற்குமான சராசரி நூற்றுக்கு 17 மட்டுமே. 2016இல் நடந்த அடுத்த ஆய்விலே தோட்டத்துறையின் அளவு நூற்றுக்கு 32 ஆகக் குறைந்தது. தேசியச் சராசரி 17 அளவிலேயே நின்றது. இடைவெளி ஒடுங்கியது உண்மை. ஆயினும் தோட்டத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலானோர் இன்னும் இந்நிலையிலேயே காணப்பட்டனர் என்பதும் உண்மையே.

இதே ஆய்விலிருந்து மற்றொரு செய்தியும் கிடைக்கிறது. உயரத்துக்கேற்ற நிறையின்றி உடல் மெலிந்த குழந்தைகளின் தொகை, 2016இல் தோட்டத்துறையில் தேசியச் சராசரியைவிட அதிகமாக இருக்கவில்லை. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முரணாகத் தோன்றலாம். உண்மையில் முரண் இல்லை. மெலிவு என்பது அண்மைக்காலப் பசியையோ நோயையோ காட்டுவது. சில வாரங்களில் வந்து, சில வாரங்களில் நீங்கக்கூடியது. வளர்ச்சி குன்றலோ தாயின் வயிற்றிலிருந்து இரண்டாம் வயது வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களின் குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாவது. பின்னர் எவ்வளவு ஊட்டினும் அவ்வுயரம் முழுமையாக மீள்வது அரிது. உயரம் குன்றியும் மெலிவற்றும் தோன்றும் குழந்தை, தராசிலே தன் உயரத்துக்குப் பொருத்தமாகத் தோற்றமளிப்பதால், பெற்றோரும் அதிகாரிகளும் அதனை நலமான குழந்தையென்றே கருதிவிடுகின்றனர். குறை கண்ணுக்குத் தெரியாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்து மக்கள் பரம்பரையாகவே குட்டையானவர்கள், ஆதலின் இவ்வெண்களைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உளர். படித்தவரிடையேகூட இக்கூற்றைக் கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்கள் இதற்குத் தக்க விடையாகும். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் போதிய உணவும் தூய சூழலும் பெற்ற குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை அவை. அக்குழந்தைகள் ஐந்து வயது வரை நாடு, இனம் என்ற வேறுபாடின்றி ஏறக்குறைய ஒரே அளவிலேயே வளர்ந்தனர். மேலும், பரம்பரையே காரணமாயின் பத்தாண்டுகளில் நூற்றுக்கு 40 என்பது 32 ஆக இறங்கியிருக்க இயலாது. தாயின் குட்டை உருவம் குழந்தையைப் பாதிக்கிறது என்பது மெய்யே. ஆனால் அத்தாயின் உயரமே முப்பது ஆண்டுகளுக்கு முன் அவள் பட்ட பசியின் பதிவாக இருக்கலாம் அல்லவா?

இனி, இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றியது எனக் காண்போம். தோட்டங்கள் தொடக்கத்திலிருந்தே நாட்டின் பொதுச் சுகாதார ஒழுங்குக்குப் புறம்பான தீவுகளாக இருந்தன. தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் தொடர்பான சட்டங்கள் கோப்பிக் காலத்திலேயே, 1872 முதல், இயற்றப்பட்டன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அவற்றை விரிவாக்கியது. பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளித்தல், அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தகுந்த பராமரிப்பும் போஷாக்கும் பெறுவதை உறுதிசெய்தல் ஆகியவை துரையின் கடமைகளாக அதில் விதிக்கப்பட்டன. அக்காலத்தை நோக்க, இது முற்போக்கான சட்டமே. ஆயினும் பொறுப்பு முழுவதும் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைக்கப்பட்டமையைக் கவனித்தல் வேண்டும். உழைப்பாளியின் உடல் தொழிலின் ஒரு கருவியாகக் கருதப்பட்டதேயன்றி, குடிமகனின் உரிமையாகச் சுகாதாரம் கருதப்படவில்லை. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்துக்குத் தோட்டத்துரைமார் ஆதரவளித்ததும், இரத்தசோகையுற்ற கூலியாளால் முழு வேலை செய்ய இயலாது என்ற கணக்கினாலேயே.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது, தாய்சேய் சிகிச்சை நிலையம், சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஒழுங்கு பின்னர் நாடெங்கும் பரவிற்று. குறைந்த வருமானமுடைய நாடாயிருந்தும் இலங்கை குழந்தை மரணத்தை வென்றது என்று உலகம் புகழ்வதற்கு அடிப்படையானது இவ்வொழுங்கே. ஆனால் அது நீண்ட காலம் தோட்டத்து வாயிலிலே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் தோட்டத்து வைத்திய உதவியாளரும், தோட்டத்து மருத்துவிச்சியும், மருந்துக் காம்பறாவுமே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மக்களின் குடியுரிமையைப் பறித்தபோது, வைத்தியசாலை வேண்டுமென்று கேட்கும் வாக்குப் பலமும் அவர்களை விட்டு அகன்றது. 1964இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தது. எந்த நாட்டிலே வாழப்போகிறோம் என்று அறியாத குடும்பங்கள் நிறைந்த லயங்களில் நீண்டகாலச் சுகாதாரத் திட்டமொன்றை யார் வகுப்பர்?

இதன் விளைவு 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தின்போது வெளிப்பட்டது. அரிசிப் பங்கீடு சுருங்கி, மாவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட அக்காலத்தில், காணியோ தோட்டப்பயிரோ இல்லாத தொழிலாளர்க்குக் கடை உணவன்றி வேறு கதியில்லை. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51 அளவில் இருக்க, தோட்டப்பகுதிகளில் அது நூறைத் தாண்டிற்று. மலையகத்து முதியோர் அக்காலத்தை இன்றும் மறந்திலர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தாய்சேய் நலப் பணிகள் அதன்பின் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. தடுப்பூசி, பிரசவத்துக்கு வைத்தியசாலை செல்லும் வழக்கம், உயிர்நீர் கொடுத்தல், பிள்ளைக் காம்பறாக்களைச் சீரமைத்தல் என்பன ஒவ்வொன்றாகப் பரவின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னரும், நலன்புரிக்கென நிறுவப்பட்ட பொறுப்பு நிதியத்தின் வாயிலாக இவை தொடர்ந்தன. 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் புதிய ஆதார வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. மரணத்தைப் பொறுத்தவரை தோட்டத்துக்கும் வெளியுலகுக்கும் இடையிலிருந்த பெரும்பள்ளம் இவற்றால் பெரிதும் தூர்ந்துவிட்டது.

அவ்வாறாயின் உயரம் மட்டும் ஏன் பின்தங்கிற்று? மரணத்தைத் தடுக்கும் காரியங்கள் பெரும்பாலும் குறித்த நாளில் குறித்த இடத்திலே நிகழ்வன. தடுப்பூசிக்கு ஒரு நாள் போதும். பிரசவத்துக்கு ஒரு வைத்தியசாலைக் கட்டில் போதும். உயரமோ தாயின் அன்றாட வாழ்வினாலே தீர்மானிக்கப்படுவது. அவ்வாழ்வை எந்த வைத்தியசாலையும் மாற்றுவதில்லை.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, பீலியிலே தண்ணீர் பிடித்து, விறகு மூட்டி, கோதுமை மாவு ரொட்டி சுட்டு, பெரட்டுக்குச் செல்லுமுன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பறாவில் விடுகிறாள். முழுப்பேர் விழ வேண்டுமாயின் பதினெட்டு, இருபது கிலோ அளவிலே கொழுந்து எடுத்தாக வேண்டும், குறைந்தால் அரைப்பேர். பாலூட்டுவதற்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி அவளுக்கு உண்டு. ஆனால் மலை உச்சியிலுள்ள தேயிலை நிரையிலிருந்து பணிய லயத்துப் பிள்ளைக் காம்பறாவுக்கு இறங்கி ஏறவே அரை மணி கழிந்துவிடும். இழந்த கிலோவைச் சட்டம் ஈடுசெய்வதில்லை. ஆகவே குழந்தைக்குத் தேயிலைத் தண்ணியும் விசுக்கோத்தும் முன்கூட்டியே பழகிவிடுகின்றன. மூன்றாவது குழந்தையும் அதற்கு மேற்பட்டனவும் பெற்ற தாய்மார்க்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை பிரசவ விடுமுறை 84 நாட்களன்றி 42 நாட்களே என்பதையும் இங்கு நினைவுகூரல் தகும். மூன்றாவது குழந்தைக்குத் தாய்ப்பால் பாதியாகப் போதும் என்று சட்டம் கருதியது போலும்!

இவளே கருவுற்றிருக்கையில் நிலை இன்னும் கடினம். செங்குத்தான சரிவில், முதுகிலே கூடையுடன், பல மாதங்கள் வரை வேலை செய்கிறாள். 2006-07 ஆய்வின்போது தோட்டத்துப் பெண்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். இத்தகைய தாய்மாரின் குழந்தைகளுட் பலர் 2.5 கிலோவுக்கும் குறைந்த நிறையுடன் பிறக்கின்றனர். வாழ்வின் முதல் நாளிலேயே பின்தங்கிவிடுகின்றனர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா மா இக்குறையை நிரப்பவே ஏற்பட்டது. எனினும் வீட்டுக்கு வந்த பொதி அக்குழந்தை ஒன்றுக்கே போவதில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நான்காகப் பங்கிடப்படுவதைத் தாயின் குற்றமாகக் கூறுதல் முறையன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா விநியோகமும் தடைப்பட்டது. அவ்வாண்டு தோட்டத்துறையில் அரைவாசிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தன என உலக உணவுத் திட்டத்தார் கண்டனர். 2021இல் 1,000 ரூபா எனவும் 2024இல் 1,350 ரூபா எனவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை விலைவாசி தொடர்ந்து முந்தியே சென்றது.

உண்ட உணவும் முழுமையாக உடலிற் சேர்வதில்லை. காய்ச்சி வடிக்காத பீலித் தண்ணீரும், பல குடும்பங்கள் ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்தும் நிலையும், வயிற்றோட்டத்தையும் குடற்புழுவையும் மீண்டும் மீண்டும் வரவழைக்கின்றன. பத்தடிக் காம்பறாவினுள் விறகுப் புகை நிறைந்திருக்க, மலைக்குளிருக்காகக் கதவையும் அடைத்துவிட்டால், நெஞ்சுச்சளி குழந்தையை விடாது. ஒவ்வொரு நோயும் சில மில்லிமீற்றர் வளர்ச்சியைத் தின்றுவிடுகிறது.

குமரப் பருவத்தினரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஐந்து வயதுக்குப் பின் பிள்ளை புள்ளிவிபரத்தினின்றும் மறைந்துவிடுகிறது எனலாம். பாடசாலையிலே வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை, பாடசாலையை இடையில் விட்ட பெண்ணுக்குக் கிட்டுவதில்லை. கொழும்பிலே வீட்டுவேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்று, சில ஆண்டுகளின் பின் திரும்பி மணமுடிக்கும் அப்பெண், இரத்தசோகையுடனேயே முதற்குழந்தையைச் சுமக்கிறாள். வளர்ச்சி குன்றல் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கடந்து செல்லும் பாலம் இதுவே. தோட்டத்துக் குழந்தைகளுக்கான திட்டங்கள் குழந்தை பிறந்த பின்னரே தொடங்குகின்றன என்பது எமது முதன்மையான குறைகூறலாகும்.

உள்ளூராட்சி தொடர்பான ஒரு செய்தி பலர் அறியாதது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடுவதைக் கட்டுப்படுத்திற்று. லயத்து மக்கள் சபைக்கு வாக்களித்தனர். ஆனால் அவர்கள் லயத்துக்கு ஒரு குடிநீர்க் குழாயோ வடிகாலோ அமைத்துத் தரச் சபையால் இயலவில்லை. 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. நூறாண்டுக்கு முன் தோட்டத்து வாயிலிலே நின்றுவிட்ட பொதுச் சுகாதாரம், எழுத்தளவிலேனும் உள்ளே நுழைய வழி திறந்தது அப்போதுதான் எனக் கூறுதல் மிகையாகாது.

செய்யத்தக்கவை சில தெளிவாகவே உள்ளன. தோட்டத்துப் பிரிவுகளுக்குத் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் போதிய தொகையினராக நியமிக்கப்படல் வேண்டும். மொழி தெரியாத உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராயினும் தாயின் மனக்குறையைக் கேட்டறிய இயலாது. அதற்கு மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வி வளர வேண்டியிருப்பதால், இது கல்வித் திணைக்களத்தின் காரியமுமாகும். பாலூட்டும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பறாவுக்கு அண்மையிலுள்ள மலைகளில் நிறுத்துவதற்குப் பணமே தேவையில்லை. கங்காணியின் ஒரு சொல் போதும். இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடுகள் ஏழு பேர்ச் காணியுடன் வழங்கப்பட்டதுபோல், வீட்டோடு சிறு நிலமும் கிடைக்குமிடத்துக் கீரையும் முட்டையும் குழந்தையின் தட்டுக்கு வர வாய்ப்புண்டு. மாடு வளர்க்கும் குடும்பங்கள் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் விற்றுவிட்டு வெறும் சாயத்தண்ணி குடிப்பதை மலையகத்தை அறிந்தோர் அறிவர். கடன் தீராத வரையில் போஷாக்குப் பற்றிய சொற்பொழிவுகளால் அது மாறப்போவதில்லை. நிறுவை நாளிலே தராசின் பக்கத்தில் உயரமளக்கும் பலகை ஒன்றையும் வைத்து, அந்த அளவையும் தாய்க்கு விளக்கிக் கூறுதல் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.