வாயைக் கட்டுவது மட்டும் வைத்தியம் ஆகாது

நீரிழிவு நோயாளிகள் பலர் கையோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை அளவு ஒரு பத்தியிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு மறு பத்தியிலுமாகத் தேதிவாரியாக எழுதப்பட்டிருக்கும். வருஷக்கணக்கில் சிரத்தையோடு எழுதிவந்த ஒருவர் ஒரு நாள் அதை நிறுத்திவிடுகிறார். பிறகு நடைப்பயிற்சி நிற்கிறது, மாத்திரை ஒரு வேளை தவறி மறுவேளையும் தவறுகிறது. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 9 சதவீதத்தைத் தாண்டி நிற்க, "வாயைக் கட்டுங்கள்" என்ற உபதேசமும் மருந்தின் அளவைக் கூட்டிய சீட்டும் அவருக்குக் கிடைக்கின்றன. எழுதுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய மனச்சோர்வு என்ற வியாதியைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் அதற்கு ஆளாகியிருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், உள்ளவர்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகள் கண்ட உண்மை. நீண்ட துக்கம் நீரிழிவுக்கு வழிவகுக்கிறதென்று 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் கருதினார். அவர் அபிப்பிராயத்தில் ஓரளவு உண்மை இருந்ததை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. மனச்சோர்வுள்ளவருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். நீரிழிவுள்ளவருக்கோ, ஒரு நாளும் விடுமுறையில்லாத உணவுக் கட்டுப்பாடும், கண்ணும் காலும் சிறுநீரகமும் என்ன ஆகுமோ என்ற ஓயாத விசாரமும், மருந்துச் செலவும் சேர்ந்து மனத்தை அழுத்துகின்றன.

மனச்சோர்வை இனம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஜனங்கள் "மனம் சோர்ந்திருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்வது அபூர்வம். "கை கால் அசதியாக இருக்கிறது, தூக்கமே இல்லை, ஒன்றும் பிடிக்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். அசதியும் தூக்கக்கேடும் சர்க்கரை ஏறினாலும் வரும். படபடப்பு சர்க்கரை தாழ்ந்தாலும் வரும். தைராய்டு குறைபாட்டிலும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களில் சிலருக்கு உண்டாகும் பி12 வைட்டமின் குறைவிலும் இதே சோர்வு தோன்றலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையும் வேண்டும், கேள்வியும் வேண்டும். கடந்த இரண்டு வாரங்களில், வழக்கமாகப் பிரியப்பட்டுச் செய்துவந்த காரியங்களில் நாட்டமற்றுப் போயிற்றா, மனம் தாழ்ந்து நம்பிக்கையிழந்து கிடந்ததா என்ற இரண்டும் ஆரம்பக் கேள்விகள். பெரும்பாலான நாட்களில் ஆம் என்பது பதிலானால், முறையான பரிசோதனைக்குத் தாமதிக்கலாகாது. "சோம்பேறித்தனம்" என்று வீட்டார் ஏசுவது நோயாளியை மேலும் ஒடுங்கச் செய்யுமே தவிர வேறு பிரயோஜனம் தராது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் 404 நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஒரு பராமரிப்பு ஊழியர் நோயாளியோடு தொடர்ந்து பேசி, மனநிலையையும் சர்க்கரையையும் சேர்த்தே கவனித்து, நிபுணர்களின் ஆலோசனையைச் சிகிச்சை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். இரண்டு வருஷ முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் அதிகம் பேருக்கு மனச்சோர்வு தணிந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் குறைந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மனச்சோர்வு மருந்துகளில் சில உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டும், சில சர்க்கரையைத் தாழ்த்தும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தினால் உபத்திரவம் தரும். இவற்றைக் கடையில் தாமாக வாங்கியுண்பது அபாயம். நீரிழிவைப் பார்ப்பவர், மனச்சோர்வைப் பார்ப்பவர் ஆகிய இரு வைத்தியர்களுக்கும் நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளும் தெரிந்திருக்கவேண்டும்.

சிகிச்சை பெறுவது சட்டம் தந்த உரிமை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அச்சிகிச்சை இலவசம். நோயாளியின் விவரங்களை, சட்டம் விலக்களித்த சில சந்தர்ப்பங்கள் தவிர, மருத்துவமனை இரகசியமாகக் காக்கவேண்டும். சேவையில் குறையிருந்தால் முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும், அவர் பதிலில் திருப்தியில்லாவிடில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

காப்பீட்டில்தான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டுமென்று அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. புறநோயாளிச் செலவை எந்த நோய்க்கும் தராத பாலிசி இதற்கும் தராது. ஆயினும் மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சையை, மனநோய் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவது செல்லாது. அப்படித் தள்ளினால், மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்கத் தகாததாயினோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திராமல், அந்த நேரத்திலேயே 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். அவ்வளவு தூரம் போகாதவர்கள், அடுத்த முறை சர்க்கரைச் சீட்டை நீட்டும்போது, வைத்தியர் மருந்து எழுதுமுன் "எனக்கு மனமும் சரியில்லை" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்குபவர் உங்கள் வீட்டில் இருந்தால் துணைக்குப் போய் அவருக்காக நீங்களே சொல்லுங்கள்.