தண்ணீர் தெளித்தால் இறுகும் காகிதம்: மாடல் விமான இறக்கை முறுக்கிக்கொள்வது ஏன்?

ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கும் மாடல் விமானம் ஒன்றும் புதுசு இல்லை. 1871-ல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ விட்ட ‘பிளானோஃபோர்’ 11 விநாடி பறந்தது. இன்றும் பால்சா மரக் குச்சிகளில் சட்டம் கட்டி, அதன்மேல் டிஷ்யூ ஒட்டிப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிஷ்யூ என்றதும் ஹோட்டலில் கை துடைப்பதை நினைக்க வேண்டாம். இது நீளமான நார்கள் கொண்ட ஜப்பானிய வகைக் காகிதம். ஜெராக்ஸ் பேப்பர் சதுர மீட்டருக்கு 70-80 கிராம் என்றால், இது சுமார் 12 கிராம்தான்!

காகிதம் ஒட்டாத இறக்கைச் சட்டத்தின் இரு முனையையும் பிடித்துத் திருகினால் சுலபமாக வளையும். ஒட்டி இறுக்கிய பிறகு அவ்வளவு லேசில் அசையாது. அதாவது, காகிதம் வெறும் போர்வை இல்லை. முறுக்கைத் தாங்குவதே அதுதான்.

எப்படி இறுகுகிறது? ஓரங்களை மட்டும் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, பனி மாதிரி தண்ணீர் தெளிப்பார்கள். நனைந்ததும் நார்கள் உப்பி, காகிதம் தொளதொளவென ஆகிவிடும். பயப்பட வேண்டாம். காயும்போது சுருங்கி, நெருப்பில் காட்டிய பறை மாதிரி விறைத்துக்கொள்ளும். அடுத்து ‘டோப்’ பூச்சு. நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்த திரவம் இது. காகிதத்தின் நுண்துளைகளை அடைக்கும். கரைப்பான் ஆவியாக ஆக இன்னும் இழுத்துப் பிடிக்கும். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசவே கூடாது. ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். இந்த இழுப்பு மேலும் கீழும் சமமாக இல்லாவிட்டால் மெல்லிய பால்சா தாங்காது, இறக்கையே முறுக்கிக்கொள்ளும். ஒரு முனை சில மில்லிமீட்டர் திரும்பினால் போதும். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிச் சுற்றித் தரைக்கு வந்துவிடும். அதனால்தான் இறக்கையைச் சமமான பலகையில் குண்டூசியால் பிடித்துவைத்துக் காயவிடுகிறார்கள். டோப்பின் இழுப்பைக் குறைக்கச் சில துளி விளக்கெண்ணெயும் கலப்பது உண்டு. ஆமாம், நம்ம வீட்டு விளக்கெண்ணெயேதான்.

வேடிக்கை என்னவென்றால், சில முறுக்கு வேண்டுமென்றே வைக்கப்படுவது. இறக்கை நுனிகளின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் ஒரே அளவு லேசாக உயர்த்திக் காயவைத்தால், வேகம் குறையும்போது நுனி கடைசியாகத்தான் தூக்குவிசையை இழக்கும்.

வேண்டாத முறுக்கு விழுந்துவிட்டதா? கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் லேசாகத் திருகி, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் திரும்பவும் வளையலாம். பறக்கவிடும் முன் ஒருமுறை பின்னாலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது.